தப்புன்னு சொன்னா போதுமா?

சில மாதங்களுக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி விழா. எனக்கு முன்னால் பேசியவர் கம்ப்யூட்டர் துறையில் பெரிய பதவியில் இருப்பவர். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தான். இதே கரிசல் மண்ணில் பிறந்து, படித்து, வெளியே போய் ஜெயித்து, மறக்காமல் திரும்பி வந்திருக்கிறார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அவர் பேச்சின் சாரம் இதுதான்: "எங்க காலத்துல ஒரு புத்தகம் வேணும்னா மதுரைக்கு பஸ் ஏறணும். இன்னிக்கு உலகமே உங்க கையில இருக்கு. புரோகிராமிங் போட்டிக்குத் தயாராகணுமா? வீடியோ பாடம் இலவசம். பயிற்சிக் கணக்கு இலவசம். நீங்க எழுதினது சரியா தப்பான்னு திருத்திச் சொல்ற மெஷினும் இலவசம். இதுக்கு மேலயும் ஒருத்தன் முன்னுக்கு வரலேன்னா அவன் சோம்பேறி!"

ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விழா முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வந்து நின்றாள். இரண்டாம் ஆண்டு. அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். (கரிசல் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஆபீஸ் என்றதும் மேஜை, ஃபேன், டீ கொண்டுவரும் பையன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள்.)

"சார், அவர் சொன்ன அத்தனையும் நான் பாத்திருக்கேன் சார். வீடியோ பாத்தேன். கணக்கும் போட்டேன். 'ராங் ஆன்சர்'னு வந்துச்சு. மாத்திப் போட்டேன். திரும்பவும் ராங் ஆன்சர். மூணு நாள் பாத்தேன். தப்பு தப்புன்னு சொல்லுதே ஒழிய, எங்க தப்புன்னு சொல்ல மாட்டேங்கு. யார்கிட்ட கேக்கன்னும் தெரியல. விட்டுட்டேன்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நான் சோம்பேறியா சார்?"

டீ தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். பதிலை இந்த வாரம் எழுதுகிறேன்.

*

முதலில், இந்தப் போட்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பயப்படாதீர்கள், ஆட்டுச் சந்தைக்குத்தான் கூட்டிப்போகிறேன்.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை. ஆறு ஆடுகள் நிற்கின்றன. விலை 6,500, 7,200, 8,100, 9,900, 11,000, 12,400. உங்கள் மடியில் 18,000 ரூபாய். ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் சரியாக இரண்டு ஆடு வாங்க முடியுமா?

எல்லா ஜோடியையும் கூட்டிப் பார்க்கலாம். ஆறு ஆட்டுக்குப் பதினைந்து ஜோடி. முடிந்துவிடும். ஆனால் சந்தையில் ஒரு லட்சம் ஆடு நின்றால்? கிட்டத்தட்ட 500 கோடி ஜோடி. ஒரு நொடிக்குப் பத்து கோடி கூட்டல் போடுகிற கம்ப்யூட்டருக்கும் ஐம்பது நொடி ஆகும். போட்டியில் கொடுப்பதோ ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி.

அங்கேதான் யோசனை வேண்டும். ஆடுகளை விலை வரிசைப்படி நிறுத்துங்கள். இடது கை விரலை மிக மலிவான ஆட்டின் மேல் வையுங்கள். வலது கை விரலை மிக விலை உயர்ந்த ஆட்டின் மேல். 6,500-ம் 12,400-ம் சேர்ந்து 18,900. கூடிப்போச்சு. அந்தப் பெரிய ஆட்டை எதோடு சேர்த்தாலும் கூடத்தான் செய்யும், ஏனென்றால் ஆக மலிவான ஆட்டோடு சேர்த்தே கூடிவிட்டது. அதை விட்டுவிட்டு வலது விரலை ஒரு ஆடு உள்ளே நகர்த்துங்கள். 6,500-ம் 11,000-ம் 17,500. குறைகிறது. இடது விரலை நகர்த்துங்கள். 7,200-ம் 11,000-ம் 18,200. கூடுகிறது. வலது விரல். 7,200-ம் 9,900-ம் 17,100. குறைகிறது. இடது விரல். 8,100-ம் 9,900-ம் பதினெட்டாயிரம். ஐந்தே பார்வையில் வியாபாரம் முடிந்தது.

இதே வழியில் ஒரு லட்சம் ஆட்டை வரிசைப்படுத்த சுமார் பதினேழு லட்சம் ஒப்பீடு, விரல் நகர்த்த அதிகபட்சம் ஒரு லட்சம். கம்ப்யூட்டருக்கு இது கண்சிமிட்டும் நேரம்.

போட்டி புரோகிராமிங் என்பது இவ்வளவுதான். ஒரு கணக்கு, ஒரு கெடு, ஒரு நல்ல யோசனை. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் எழுதத் தெரிய வேண்டும்.

இந்த ஆட்டுக் கணக்கில் எந்த இடத்திலாவது இங்கிலீஷ் தேவைப்பட்டதா? கான்வென்ட் தேவைப்பட்டதா? சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய பெரியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு விரல் நகர்த்துவது எப்படிப் புரியாமல் போகும்?

புரிகிறது. அதில் சந்தேகமே இல்லை. பிறகு எங்கே இடிக்கிறது?

*

இடிக்கிற இடத்துக்குப் போவதற்கு முன் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். இலவசமாகக் கொடுத்தவர்களை நான் திட்டவில்லை. அவர்கள் புண்ணியவான்கள். 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டெல். திட்டத்தைத் தொடங்கினார்கள். வகுப்பறைக்குள் பூட்டிக் கிடந்த பாடங்கள் வீதிக்கு வந்தன. சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய அல்காரிதம் பாடங்களை இன்றைக்கும் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். இந்தியன் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாட் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி இருக்கிறது. அதன் பழைய வினாத்தாள்களும் இலவசம். 2009-ல் தொடங்கிய கோட்செஃப் என்ற இந்தியத் தளத்தில் ஆயிரக்கணக்கில் பயிற்சிக் கணக்குகள் குவிந்து கிடக்கின்றன.

கிணறு வெட்டியவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கிணற்றில் தண்ணீர் கிடப்பது வேறு, வயலுக்குத் தண்ணீர் வருவது வேறு. நடுவில் கமலை வேண்டும், வடம் வேண்டும், மாடு வேண்டும், மாட்டை ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். கிணற்றைக் காட்டிவிட்டு, "தண்ணி இலவசம்தானே, ஏன் உன் பருத்தி வாடுது? நீ சோம்பேறி" என்று சொன்னால் எந்தச் சம்சாரி பொறுத்துக்கொள்வான்?

எதெல்லாம் இலவசம், எதெல்லாம் இலவசமில்லை என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வீடியோ பார்ப்பது இலவசம். 2016-க்குப் பிறகு டேட்டா விலை விழுந்ததால் அது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் பார்க்கத்தான் போன் போதும். செய்ய கம்ப்யூட்டர் வேண்டும். நாற்பது வரி புரோகிராமைப் போனில் கட்டைவிரலால் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் கீபோர்டை மாற்றி மாற்றி, நடுவில் அம்மாவுக்கு போன் வந்து, எல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து. நான் முயன்று பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் கும்பிடு போட்டுவிட்டேன்.

கணக்கு இலவசம். ஆனால் கணக்கு இங்கிலீஷில் இருக்கிறது. அதுவும் ஒரு பக்கத்துக்குக் கதை. ஆலிசுக்கும் பாபுக்கும் நடுவில் ஒரு விளையாட்டு, அவர்கள் ஒரு கேக்கை வெட்டுகிறார்கள், அதில் ஒரு நிபந்தனை, நிபந்தனைக்குள் ஒரு விதிவிலக்கு. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குக் கணக்கு வராமல் போவதில்லை. கேள்வி விளங்காமல் போகிறது. தோற்ற பிறகு அவள் நினைப்பது என்னவோ "எனக்குக் கணக்கு வராது" என்றுதான்.

நேரம் இலவசமா? சாயந்திரம் கல்லூரி பஸ் ஊருக்குப் போய்ச் சேர ஆறரை மணி. வீட்டில் தண்ணீர் பிடிக்கணும், தம்பியைப் பார்க்கணும், அம்மா கொண்டுவந்த வேலையில் கை கொடுக்கணும். பையன்களுக்காவது கடைவீதியில் ஒரு அண்ணன் இருப்பான். பெண் பிள்ளை ராத்திரி எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தால் வீட்டில் வருகிற முதல் கேள்வி, "யார்கிட்ட பேசுத?"

இப்போது அந்த மெஷினுக்கு வருவோம்.

நீங்கள் எழுதிய புரோகிராமை அனுப்பினால், மறைத்து வைத்திருக்கும் சோதனைகளில் அதை ஓட்டிப் பார்த்து அது தீர்ப்பு சொல்லும். சரி, தப்பு, நேரம் போதவில்லை. அவ்வளவுதான் பேசும். போட்டிக்கு அதுதான் நியாயம். எங்கே தப்பு என்று சொன்னால் அது போட்டியே இல்லை. ஆனால் போட்டி நடத்துவதற்கு உண்டாக்கிய நீதிபதியை நாம் பாடம் நடத்தும் வாத்தியாராக உட்கார வைத்துவிட்டோம். தப்பு என்று சொல்வது நீதிபதி வேலை. எங்கே தப்பு, ஏன் தப்பு, நீ என்ன நினைத்து இப்படி எழுதினாய் என்று கேட்பதுதான் வாத்தியார் வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு யாரும் ஆள் போடவில்லை.

*

இது கோவில்பட்டிச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தங்கள் பாடங்களை 2012-லிருந்து உலகத்துக்கே இணையத்தில் திறந்துவிட்டன. இனி ஏழை பணக்காரன் வித்தியாசம் ஒழிந்தது என்று அப்போது பேசாத மேடை இல்லை. ஆறு வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்து 2019-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பதிவு செய்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பாடத்துக்குள் எட்டியே பார்க்கவில்லை. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் வசதியான நாட்டுக்காரர்கள். மீதி தொண்ணூற்றேழு பேரும் சோம்பேறிகள் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா? உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சோம்பேறி என்றால் அந்தச் சொல்லுக்கே அர்த்தம் போய்விடும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கவர்மென்டுக்கே இது தெரியும். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கினார்கள். கொரோனாவில் பள்ளிகளை மூடியபோது பாடங்கள் அதில் ஓடின. இலவச வீடியோ, வீட்டுக்கே வந்தது, தமிழிலும் வந்தது. அது போதுமாக இருந்திருந்தால் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஏன் தொடங்கினார்கள்? சாயந்திரம் தெருவில் ஒரு அக்காவோ அண்ணனோ பாய் விரித்து உட்கார்ந்து, எதிரே இருபது பிள்ளைகள். ஏனென்றால் டி.வி.யால் ஒரு குழந்தையின் நோட்டை எட்டிப் பார்க்க முடியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆள் வேண்டும் என்று புரிந்துகொண்ட நாம், கல்லூரிப் பிள்ளைக்கு மட்டும் வீடியோ போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

*

கோவில்பட்டிக்காரர்களுக்கு நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு வார்த்தை போதும்: ஹாக்கி.

கடலை மிட்டாய் மாதிரி, தீப்பெட்டி மாதிரி, ஹாக்கியும் இந்த ஊர்ச் சரக்கு. தோளில் மட்டையோடு சைக்கிளில் போகும் பையனை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பல வருடங்களாக லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு அகில இந்திய அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. ஹாக்கி விடுதி இருக்கிறது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டியே இங்கே நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இந்தியச் சட்டை போட்டு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரே கோல் போட்டவர் கார்த்தி.

அந்தப் பையன்களிடம் யாராவது, "ஒலிம்பிக் ஃபைனல் வீடியோ யூடியூப்ல இலவசமா கிடக்கு, பாத்துக் கத்துக்கோ, வரலேன்னா நீ சோம்பேறி" என்று சொன்னார்களா? மைதானம் கொடுத்தார்கள். காலையில் ஐந்தரைக்கு விசில் ஊதி எழுப்ப ஒரு கோச் இருந்தார். மட்டையைப் பிடித்த கையைத் தொட்டு, "இப்படி இல்லடா, மணிக்கட்டைத் திருப்பு" என்று சொன்னார். கூட ஓட பத்துப் பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க ஊரே கேலரியில் உட்கார்ந்தது.

இவ்வளவும் இருந்ததால்தான் ஹாக்கி விளைந்தது. கரிசலில் என்ன விதைத்தாலும் விளையும், ஈரம் மட்டும் இருக்க வேண்டும்.

புரோகிராமிங்கிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையில் சரடோவ் என்று ஓர் ஊர். மாஸ்கோ கிடையாது, பீட்டர்ஸ்பர்க் கிடையாது. மாகாணத்து ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழக அணி 2006-ல் கல்லூரிகளுக்கான உலகப் புரோகிராமிங் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. சில வருடம் கழித்து அங்கே பயிற்சியாளராக இருந்த மைக் மிர்சயானோவ் உண்டாக்கியதுதான் கோட்ஃபோர்சஸ். இன்று உலகமே இலவசமாகக் கணக்குப் போட்டுப் பழகுகிற தளம். வரிசையைக் கவனியுங்கள். தளம் வந்ததால் சரடோவ் ஜெயிக்கவில்லை. ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து, ஒருவர் தப்பை ஒருவர் பார்த்து, அதில் ஜெயித்த பிறகு அங்கிருந்து வழிந்ததுதான் தளம். நாம் வழிந்ததை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டோம்.

*

இந்த இடத்தில் மூன்று பேர் கையைத் தூக்குவீர்கள். தெரியும்.

முதலாமவர்: "ஏகலைவன் வாத்தியார் இல்லாமல் கத்துக்கலையா?" கற்றுக்கொண்டான் ஐயா. கடைசியில் கட்டைவிரலை யார் வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தானாகவே கற்று மேலே வருகிற பிள்ளைகள் எங்கேயும் சிலர் உண்டு. அவர்களை மேடை ஏற்றி மாலை போடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஒருவனைக் காட்டி மற்ற தொண்ணூற்றொன்பது பேரை அடிக்காதீர்கள்.

இரண்டாமவர்: "இப்பதான் ஏ.ஐ. வந்துடுச்சே. எங்க தப்புன்னு கேட்டா அது சொல்லுமே." சொல்லும். கேட்காமலே முழு விடையையும் எழுதிக் கொடுத்துவிடும். அதுதான் சிக்கல். பசித்தவனுக்குப் பதில் பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டால் யாருக்கு வயிறு நிறையும்? எப்படிக் கேட்டால் விடையைக் கொடுக்காமல் வழியை மட்டும் காட்டும் என்பது ஏற்கெனவே பாதி தெரிந்தவனுக்குத்தான் தெரியும். நன்றாக உபயோகித்தால் அது பெரிய உதவிதான். ஆனால் எப்படி உபயோகிப்பது என்று காட்டவும் ஒரு ஆள் வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர்: "2025 செப்டம்பர்ல பாக்கு நகரத்துல நடந்த அந்த உலக இறுதிப் போட்டியோட பன்னிரண்டு கணக்கையும் ஒரு ஏ.ஐ. போட்டுடுச்சாமே. அப்புறம் எதுக்குப் பிள்ளைங்க இதைக் கத்துக்கணும்?" உண்மைதான். அன்றைக்கு ஜெயித்த மனித அணி போட்டது பதினொன்று. ஆனால் பைக் வந்ததால் ஓட்டப் பந்தயத்தை யாரும் நிறுத்திவிடவில்லை. ஓடுவது காலுக்கு. இது புத்திக்கு. தவிர, ஐந்நூறு பேரை ஹாலில் உட்கார வைத்து முப்பது பேரைப் பொறுக்கும் கம்பெனித் தேர்வுகளில் இந்த மாதிரிக் கணக்கைத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் நிறுத்தட்டும், பிறகு நாம் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.

*

சரி, என்ன செய்யலாம்? திட்டிவிட்டுப் போவது சுலபம். அதனால் என் பங்குக்கு ஐந்து.

ஒன்று. லேப் கதவைத் திறங்கள். தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் போட்டிருக்கிறோம். 2011-லிருந்து ஐம்பது லட்சத்துக்கும் மேல் லேப்டாப் கொடுத்தோம். 2025-26 பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். மெஷினுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் பார்த்த பல பள்ளிகளில் நாலரை மணி அடித்ததும் லேப் பூட்டப்படுகிறது. சாவி ஒருத்தரிடம், பயம் எல்லாரிடமும். வாரத்தில் மூன்று நாளாவது ஏழரை வரைக்கும் திறந்து வையுங்கள். பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வழியும் பண்ணுங்கள்.

இரண்டு. ஆள் போடுங்கள். பெரிய பேராசிரியர் வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை போதும். இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலருக்குக் கொடுத்த மாதிரி ஒரு சின்னத் தொகை கொடுங்கள். வேலை ஒன்றே ஒன்றுதான். 'ராங் ஆன்சர்' வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன நினைச்சு இதை எழுதின?" என்று கேட்க வேண்டும். ஜோஹோ கம்பெனி இருபது வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறது? பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. நமக்கு எட்டுகிற தூரத்தில், தென்காசியிலும்.

மூன்று. கணக்கைத் தமிழில் கொடுங்கள். 1989-லிருந்து நடக்கும் சர்வதேசப் பள்ளி ஒலிம்பியாடில் வழக்கம் என்ன தெரியுமா? போட்டிக்கு முந்தின ராத்திரி ஒவ்வொரு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து கேள்வித்தாளைத் தங்கள் மொழிக்கு மாற்றுவார்கள். தங்கள் பிள்ளை கணக்கில் தோற்றாலும் பரவாயில்லை, மொழியில் தோற்கக் கூடாது என்று நினைக்கிறார்கள். நம் நாட்டு கோட்செஃப்பே முன்பு தன் போட்டிக் கணக்குகளை மாண்டரின், ரஷ்யன், வியட்நாமிய மொழிகளில் கொடுத்தது. சீனாக்காரனுக்குச் சீனத்தில் கொடுக்க முடிந்தால் செவல்பட்டிக்காரனுக்குத் தமிழில் ஏன் முடியாது? முந்நூறு நல்ல கணக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஆலிசையும் பாபையும் அனுப்பிவிட்டு, ஆட்டுச் சந்தையையும் கண்மாயையும் போட்டு எழுத எவ்வளவு செலவாகும்? ஒரு விழாவுக்குக் கட்டும் ஃபிளெக்ஸ் செலவு.

நான்கு. கோப்பை வையுங்கள். லட்சுமி அம்மாள் கோப்பை மாதிரி கணக்குக்கும் ஒரு கோப்பை. கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். நம் நாட்டுக் கம்ப்யூட்டிங் ஒலிம்பியாடின் முதல் சுற்று, பல வருடங்களாகப் பேப்பர் பேனாவில் நடந்ததுதான். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை, யோசிக்கத் தெரிந்தால் போதும். அந்தப் பழைய தாள்களை ஜெராக்ஸ் எடுத்து மாதம் ஒரு சனிக்கிழமை நடத்தலாம். பரிசு ஒரு பெட்டி கடலை மிட்டாய்.

ஐந்து, மேடையில் பேசிய நண்பருக்கு. ஐயா, உங்கள் பேச்சு நன்றாக இருந்தது. அடுத்த வருடம் பேச வேண்டாம். அதற்குப் பதில் வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். எங்கிருந்தாலும் சரி, போனில் போதும். நாலு பிள்ளைகள் அனுப்பும் தப்பான புரோகிராமைப் பார்த்து, எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை எந்த இலவச வீடியோவாலும் கொடுக்க முடியாது.

*

அந்த மாணவியின் புரோகிராம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மனசு கேட்கவில்லை. அந்தத் துறை ஆசிரியர் மூலமாக அவளிடம் கேட்டு வாங்கி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"யோசனை பூரா சரி சார். சொல்லப்போனா நான் போட்டிருந்தா இதைவிட சுத்தி வளைச்சுத்தான் போட்டிருப்பேன். ஒரே ஒரு இடம். கூட்டுத்தொகையைப் போட்டு வைக்கிற டப்பா சின்னது. அதுல 214 கோடிச் சொச்சம் வரைக்கும்தான் கொள்ளும். மறைச்சு வச்சிருக்கற சோதனையில கூட்டுத்தொகை அதைத் தாண்டிடுது. டப்பா வழிஞ்சு விடை தப்பாயிடுது. ஒரு வார்த்தை மாத்தினா போதும்."

மரக்கால் சின்னதாக இருந்தால் குவியலை அளக்க முடியாது. அளக்கிற ஆள் மேல் என்ன தப்பு? அவள் கையில் இருந்த மாதிரிச் சோதனைகளில் எண்கள் எல்லாம் சின்னவை. அதனால் அவள் கம்ப்யூட்டரில் சரியாக வந்தது. அங்கே போனால் தப்பு. மூன்று நாள் சரியான யோசனையை வைத்துக்கொண்டு, தனக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டி விட்டிருக்கிறாள். ஒரு வார்த்தைதான் தூரம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கரிசல் காட்டில் இப்படி எத்தனை பேர் ஒரு வார்த்தை தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எந்த மெஷினும் அதைச் சொல்லாது.

விஷயத்தை அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். மாற்றிப் போட்டிருக்கிறாள். பச்சை எழுத்தில் 'அக்செப்டட்' என்று வந்ததாம்.

அம்மா, அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு இதோ பதில். நீ சோம்பேறி இல்லை. கைதட்டினோம் பார், நாங்கள்தான்.